பக்கத்து அறைக்காரர்

"சார், ஒண்ணு அந்த ஆளை என் அறைக்குள்ள வரக் கூடாதுன்னு சொல்லுங்க. இல்லேன்னா என்னை வேற எங்கேயாவது மாத்துங்க."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். காலையிலிருந்து பஞ்சாயத்துக்கு மேல் பஞ்சாயத்து. இப்போது இது.

"யாரும்மா? பக்கத்து அறைக்காரரா?"

"அவரேதான். மோப்பம்."

அந்தப் பெயரை வைத்ததே அவள்தான். உணவுப் பொருட்களைச் சோதிக்கிற ஆய்வகம் அது. பால் பவுடரோ, பிஸ்கட்டோ, மாட்டுத் தீவனமோ, எது வந்தாலும் ஈதர் என்கிற, சட்டென்று தீப்பிடிக்கும் திரவத்தில் போட்டு அதிலுள்ள கொழுப்பைப் பிரித்தெடுப்பது அவள் வேலை. குடுவைக்கு அடியில் சூடு. மேலே, தண்ணீர் ஓடிக் குளிர வைக்கும் கண்ணாடிக் குழாய். ஆவியாகக் கிளம்புகிற ஈதர் அங்கே குளிர்ந்து சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கால் இரண்டும் தன்னுடையதுதானா என்று சந்தேகம் வரும். போனதும் அடுப்படி வேறு காத்திருக்கும்.

பக்கத்து அறையில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவர்தான் மோப்பம்.

"அப்படி என்னதான் பண்றார்?"

"கதவைத் திறப்பார். நிப்பார். மூக்கை உறிஞ்சுவார். 'என்ன மேடம், எல்லாம் ஓடுதா?'ம்பார். போயிடுவார். கொஞ்ச நேரத்துல மறுபடியும் வந்து நிப்பார். நான் என்ன, எதையாவது திருடி ஒளிச்சா வச்சிருக்கேன்? ஒரு பொம்பளை தனியா வேலை பார்க்கிற எடம் சார் அது."

கடைசியாகச் சொன்னது வேலை செய்தது. மேலாளர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

வந்து நின்றார். தலையெல்லாம் நரைத்த, சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர்.

"உங்களுக்கு இவங்க அறையில என்ன வேலை?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"வேலைன்னு ஒண்ணும் இல்ல சார்."

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

"சும்மாதான்... பழக்கமாயிடுச்சு."

"என்ன பழக்கம் இது? பேரன் எடுத்த மனுஷன் பண்ற காரியமா? இனிமே அந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது. புரிஞ்சுதா?"

"சரி சார்."

முகம் சிறுத்துப் போய்த்தான் வெளியே வந்தார். மதியத்துக்குள் விஷயம் கேன்டீன் வரை போய்விட்டது. இளவட்டங்கள் அவரைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக் காட்டிச் சிரித்தார்கள். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு மூலை மேஜைக்குப் போய்விட்டார்.

அவளுக்கு ஒரு பக்கம் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், விட்டது தொல்லை என்று இருந்தாள்.

அந்த வாரமே அது நடந்தது.

மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்து, குளிர வைக்கும் குழாயில் ஓட்டம் நின்றுவிட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்று தீவனத்தை எடை போட்டுக்கொண்டிருந்தாள். குடுவையில் ஈதர் கொதித்தது. குளிர வழியில்லாத ஆவி, அறைக்குள் பரவியது. காற்றை வெளியே தள்ளுகிற விசிறி பழுதாகி எத்தனையோ நாளாகிறது. 'ஆள் வருவாங்கம்மா' என்று மேலாளரும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்.

தலை கனத்தது. ராத்திரி சரியாகத் தூங்காததால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

திடீரென்று விளக்கு, சூடு எல்லாம் அணைந்தன. கதவு படாரென்று திறந்தது.

"மேடம், எந்த சுவிட்சையும் தொடாதீங்க! அப்படியே வெளியே வாங்க!"

பக்கத்து அறைக்காரர். வராண்டாவில் இருக்கிற மெயினை இறக்கிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார். கையைப் பிடித்து இழுத்து வந்து அவளை உட்கார வைத்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பவும் உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்தார்.

மேலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மாடிப்படி வரைக்கும் நெடி அடிக்குது. ஒரு பொறி பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? உள்ளேயே இருந்த உங்களுக்குத் தெரியலையாம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து அறைக்காரர் முந்திக்கொண்டார்.

"மேடம்தான் சார் முதல்ல கண்டுபிடிச்சாங்க. அவங்க சத்தம் கேட்டுத்தான் நான் ஓடி வந்தேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் இந்தப் பக்கமே திரும்பவில்லை.

இன்னொரு பொய்யையும் சேர்த்துச் சுமக்க அவளிடம் தெம்பு இல்லை.

"இல்ல சார். எனக்கு வாடையே தெரியாது. போன வருஷம் வந்த காய்ச்சலோட போனது, திரும்பி வரவே இல்ல. சொன்னா வேலையை விட்டு எடுத்துடுவீங்கன்னு பயம். எங்க வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன். இவர் வந்து வந்து மூக்கை உறிஞ்சினப்ப, என்னைக் கண்டுபிடிக்கத்தான் வர்றார்னு நினைச்சேன்."

மேலாளர் அவர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியும் சார். ஒரு நாள் மதியம் ஊசிப்போன சாப்பாட்டை என் எதிர்லயே உட்கார்ந்து சாப்பிட்டாங்க. முகம்கூடச் சுளிக்கல."

"அன்னிக்கு நான் அத்தனை திட்டு திட்டினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"அவங்களே மறைச்சு வச்சிருக்கிறதை நான் எப்படி சார் சொல்றது?"



"அது சரி... இன்னிக்கு எப்படி உடனே வந்தீங்க? உங்க அறைக் கதவு எப்பவும் சாத்தித்தானே இருக்கும்?"

தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி அவர் தயங்கினார்.

"வாசப்படியைத் தாண்டக் கூடாதுன்னுதானே சார் சொன்னீங்க? அதான்... அப்பப்ப வந்து வெளியிலேயே நின்னு பார்த்துட்டுப் போயிட்டிருந்தேன்."