மெழுகுக் கறை

தேவாலயத்தில் தனித்தனியாகக் கிடந்த ஏடுகளை ஒரே வேதப் புத்தகமாகத் தைக்கப்போகிறார்கள் என்ற சேதி வந்ததும், ஏடுகளுக்குள் ஒரே தள்ளுமுள்ளு. எது உள்ளே, எது வெளியே என்று சொல்லும் பொறுப்பை ஆயர், பூசையில் ஏடு விரித்துப் படிக்கும் வாசகப் பலகையிடம் விட்டிருந்தார்.

வரிசையின் கடைசியில் ஒரு குட்டிக் கடிதம் கூனிக்குறுகி நின்றது. இருப்பதே ஒரு பக்கம். அதிலும் மெழுகுக் கறை, விரல் அழுக்கு. முன்னால் மினுங்கிய பொன்னெழுத்துச் சுருளைப் பார்த்ததும் கறையை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டது.

"என்கிட்ட இல்லாத அற்புதமா? மீன் பேசும், மலை நடக்கும்!" என்றது சுருள்.

"அதெல்லாம் சரி, உன்மேல மெழுகு எங்கே?" என்றது பலகை.

"சீ! என்னை யாரும் தொட்டதே இல்ல."

"அப்போ கொஞ்சம் தள்ளி நில்லு. ஏ குட்டி, மடிப்பைப் பிரி."

கடிதம் பிரித்தது. "மன்னிச்சிடுங்க, எவ்வளவு துடைச்சாலும் போகல."

"போகவே கூடாது! ஊர் ஊரா சபை கூடி, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல உன்னை வாசிச்ச அடையாளம் அது. உள்ளே போ."

சுருளுக்கு மூக்குக்கு மேல் கோபம். "இதைச் சொல்ல நீ யாரு?"

"இத்தனை காலமா வாசிச்ச ஏட்டையெல்லாம் தாங்கி நின்னவன். ஜனங்க எதுக்கு ஆமென் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

உள்ளே போகும்போது கடிதம் திரும்பிப் பார்த்தது. சுருள் மெல்ல நகர்ந்து போய் மெழுகுவர்த்தியின் காதைக் கடித்துக்கொண்டிருந்தது: "அண்ணே, என்மேலயும் ஒரு சொட்டு விடுங்களேன்."

"விட்டாப் போச்சு," என்றது மெழுகுவர்த்தி. "முதல்ல உன்னை வாசிக்க ஒருத்தரைக் கூட்டிட்டு வா."