இரும்புக்கடைப் பாட்டு

பாட்டு பாதியில் இருக்கும்போது சத்தம் நின்றுபோனது.

சிங்கம் மேடை நடுவில் நின்றுகொண்டிருந்தார். வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

பின்னால் டிரம்ஸ் முன் உட்கார்ந்திருந்த டமாரம் இன்னும் நாலு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். அந்த நாலு தட்டும் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. நாலும் நாலு திசையில் போனது.

அவ்வளவுதான், குட்டு உடைந்தது என்று சிங்கம் நினைத்தார்.

அவர்கள் நால்வருக்கும் பாடவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. நடிகர்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு படத்தில் நடித்தார்கள். இல்லாத ஒரு ராக் குழுவை இருந்ததாகவே வைத்துக்கொண்டு, பேட்டியும் கச்சேரியுமாக, ஆவணப்படம் போலவே எடுத்த கிண்டல் படம். சிங்கம், டமாரம், கம்பி, மௌனி எல்லாம் அதில் வைத்த பெயர்கள்.

படம் நன்றாக ஓடியது, தியேட்டரை விட்டு.

பிறகு எப்படியோ செல்போன் செல்போனாகப் பரவியது. புகை விலகும்போது நால்வரும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உருகி உருகி வாசிக்கும் காட்சியை ஆபீஸ்களில் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். பேட்டியில் மௌனியிடம் பாட்டுக்கு அர்த்தம் கேட்பார்கள். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "நான் வாசிக்கறதோட சரி, கேக்கறதில்லீங்க" என்பார். அது பனியனிலேயே அச்சாகி வந்தது.

சிங்கத்துக்குக் காய்கறிக் கடையில்கூட இப்போது சிங்கம் சார் என்றுதான் பெயர். அந்த மவுசில்தான் இந்தக் கச்சேரியும்.

பாட்டுகள் அத்தனையும் அவருடைய மச்சான் போட்டவை. மனைவியின் அண்ணன், இசையமைப்பாளர். கேட்டால் சிரிப்பு வர வேண்டும், ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் வாயில் நிற்க வேண்டும் என்று இயக்குநர் சொல்ல, மனிதர் கடும் ஜலதோஷத்தோடு உட்கார்ந்து எழுதி, மெட்டுப் போட்டு, ஆள் தேட நேரமில்லாமல் தானே பாடியும் கொடுத்தார்.

இன்றைக்கும் ஓட்டியது அந்தப் பழைய பதிவைத்தான். மச்சான் அரங்கத்தின் கோடியில், சத்தத்தை ஏற்றி இறக்கும் ஒலிப்பலகை முன்னால் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டி மட்டும் 'நேரில் பாடுகிறார்கள்' என்றது.

சிங்கம் மச்சான் இருந்த பக்கம் பார்த்தார். விளக்கில் கண் கூசியது. ஒன்றும் தெரியவில்லை.

கம்பி குனிந்து ஒயரைச் சோதிப்பதுபோல் நடித்தார். நல்ல நடிகர்.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண், விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

"என் நெஞ்சு ஒரு இரும்புக்கடை..."

பக்கத்தில் இருந்தவன் சேர்ந்துகொண்டான். அடுத்த வரிசை. அதற்கடுத்தது. மாடி. சிங்கம் ஒருமுறை மூச்சு விடுவதற்குள் அரங்கம் முழுக்கப் பாடியது.

விளையாட்டுக்குப் பாடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள்.

பதிவில் ஓரிடத்தில் மச்சானுடைய தும்மல் ஒன்று தங்கிப்போயிருந்தது. எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. அந்த இடம் வந்தது. அத்தனை பேரும் ஒன்றாகத் தும்மினார்கள். தும்மிவிட்டு, சுருதி பிசகாமல் மேலே போனார்கள்.



கிட்டார் வரும் இடத்தை வாயாலேயே வாசித்தார்கள். அது அடங்கியதும் பல்லவி திரும்ப வந்தது, இந்த முறை மெதுவாக.

"ஆணி இருக்கு, சுத்தி இருக்கு,
அடிக்க மட்டும் மனசில்லையே."

மூன்றாவது வரிசையில் ஒருவர், பக்கத்தில் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்க்காமல் அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

சிங்கம் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தார். மற்ற மூவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். படப்பிடிப்பில் இந்தப் பாட்டுக்கு அவர்களால் சிரிப்பை அடக்கவே முடிந்ததில்லை. இப்போது டமாரம் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முடிந்தபோது உடனே கைதட்டல் எழவில்லை. யாருக்குத் தட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் சிங்கம் ஒலிப்பலகைக்கு ஓடினார். மச்சான் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பலகையில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது.

"என்ன ஆச்சு மச்சான்? எது புட்டுக்கிச்சு?"

"எதுவும் புட்டுக்கல மாப்ள. நான்தான் இறக்கினேன்."

"இறக்கினீங்களா? அங்க எனக்கு உயிரே போயிருச்சு!"

மச்சான் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. காலியான நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லவி முதல் தடவ வந்தப்பவே என் குரலுக்கு அடியில வேற என்னமோ கேட்டுச்சு. என்னன்னு தெரியணும்ல? அதான் என்னை இறக்கிட்டுக் கேட்டேன்."

"என்ன கேட்டுச்சு?"

"நான் எழுதினது 'அடிக்க மட்டும் ஆளில்லையே'. சும்மா கிண்டலுக்கு எழுதினது."

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"'மனசில்லையே'ன்னு பாடறாங்க மாப்ள. அத்தன பேரும். ஒருத்தர் விடாம."

சிங்கம் அப்போதுதான் அந்த வரியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

மச்சான் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"இத யாரு எழுதினது?"