கார்ச் சாவி

"ஏம்மா, எதிர்ப் பிளாட்பாரத்துல நிக்கிறவங்களை எல்லாம் குழாய் வெச்சுப் பார்க்கிறியே, தப்பில்லையா?"

டெல்லி மண்டி ஹவுஸ் மெட்ரோ ஸ்டேஷனில் அச்சுதன் தமிழிலேயே அதட்டினார். அந்தப் பள்ளிக்கூடப் பெண் சற்று முன் அம்மாவிடம் போனில் பேசியது தமிழ். அதனால் அதட்டும் உரிமை தானாக வந்துவிட்டது.

பெண் கண்ணிலிருந்து கட்டைவிரல் நீளக் குழாயை எடுத்தாள். மூக்கில் ஏற்கெனவே தடித்த கண்ணாடி இருந்தது.

"ஆளுங்களை இல்ல அங்கிள், போர்டைப் பார்த்தேன். எனக்கு லோ விஷன். கண்ணாடி போட்டாலும் தூரத்து எழுத்து தெரியாது. இந்த டெலஸ்கோப்ல தெரியும். கிளாஸ்லயும் இதுலதான் படிப்பேன்."

"எல்லாம் போன் பார்க்கிறதால வர்றது."

"பிறந்ததுலேர்ந்தே இப்படித்தான் அங்கிள்."

அச்சுதன் பின்வாங்குகிற ஆள் இல்லை.

"அப்ப கேரட் சாப்பிடு. எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. இதுவரைக்கும் கண்ணாடியே போட்டதில்ல, தெரியுமா?"

போட்டதில்லை என்பது உண்மைதான். போன வாரம் கிட்வாய் நகர் பார்க்கிங்கில், சும்மா நின்றிருந்த காரைப் போய் இடித்தார். அதுவும் தன் மேலதிகாரியின் கார். அன்றிலிருந்து சாவி மனைவியிடம். கண் டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால்தான் சாவி என்று உத்தரவு.

போன் அடித்தது. மனைவிதான்.

"ஆமாம் விஜயா, ஸ்டேஷன்லதான் இருக்கேன். மயூர் விஹாருக்கு நாலு மணிக்குள்ள போயிடுவேன். இந்த டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை விட்டா அடுத்த மாசம்தான்னு எனக்கும் தெரியும். நீ சாவியை வெளியில எடுத்து வை. சர்டிபிகேட்டோட வரேன்."

வண்டி வந்தது. பேசிக்கொண்டே ஏறினார். பின்னால் யாரோ கூப்பிட்டது போல இருந்தது. டெல்லியில் யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

உள்ளே நல்ல கூட்டம். யமுனா பேங்க் ஸ்டேஷன் தாண்டிய பிறகு சட்டைக் கையை யாரோ இழுத்தார்கள். அதே பெண், கூட்டத்தில் நசுங்கி வந்து சேர்ந்திருந்தாள்.

"அங்கிள், இது வைஷாலி வண்டி. மயூர் விஹாருக்கு நொய்டா வண்டிலதான் போகணும். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடலாம்."

"அதெல்லாம் இல்ல. ஏறும்போதே போர்டைப் பார்த்தேன். நொய்டான்னு கொட்டை எழுத்துல இருந்தது."

'அக்லா ஸ்டேஷன், லக்ஷ்மி நகர்' என்று நொய்டா வழியில் இல்லாத அடுத்த ஸ்டேஷனை வண்டியே அறிவித்தது. அச்சுதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருவரும் இறங்கினார்கள். பெண் முன்னால் ஓட, அச்சுதன் மூச்சு வாங்கப் படி இறங்கி ஏறி எதிர்ப் பிளாட்பாரத்துக்கு வந்தார். மணி மூன்றரை.

மறுபடி போன்.

"லக்ஷ்மி நகர்ல இருக்கேன் விஜயா. வண்டி மாறிப்போச்சு. கத்தாதே, என் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. இங்க ஒரு ஸ்கூல் பொண்ணும்தான் மாறி ஏறிட்டா. பாவம், அதுக்குக் கண் சரியாத் தெரியாது. தனியா என்ன பண்ணும்? நான்தான் பத்திரமா கூட்டிட்டுப் போறேன்."

அவரைக் கூட்டிக்கொண்டு வந்த பெண், குழாயைக் கண்ணில் வைத்து அடுத்த வண்டி எத்தனை நிமிஷத்தில் என்று படித்துக்கொண்டிருந்தாள். படித்துவிட்டுத் திரும்பினாள்.

"நான் மாறி ஏறல அங்கிள். மண்டி ஹவுஸ்லயே போர்டைப் படிச்சுட்டேன், வைஷாலின்னு இருந்தது. எனக்கும் நொய்டா வண்டிதான். ஆனா நீங்க அதுல ஏறிட்டீங்க. ரெண்டு தடவை கூப்பிட்டேன், போன்ல இருந்தீங்க. அதான் நானும் ஏறினேன். ஜல்தி வாங்க, வண்டி வருது. யமுனா பேங்க் திரும்பிப் போய் மாறினா நாலு மணிக்குள்ள போயிடலாம்."

அச்சுதனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கேரட்டை நினைத்தபோது இன்னும் அதிகமாகவே.

"ஹலோ, என்னங்க, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் விஜயா போனில்.

"இருக்கேன். சாவியை வெளியில எடுத்து வெச்சியே விஜயா, அதை மறுபடி உள்ள வெச்சுப் பூட்டிடு."