பின்கதவுப் பூட்டு

பின்கதவுக்கு முன்னால் வந்து நின்ற தச்சருக்குச் சாவியை எடுக்கக் கை வரவில்லை.

முன்வாசலில் மணி அடித்திருக்கலாம். மனைவி வந்து திறந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, பட்டென்று சாத்திவிட்டால்?

அதனால்தான் பட்டறைப் பக்கமாகச் சுற்றி வந்தார். பூட்டு திறந்தால் உள்ளே போய் மன்னிப்புக் கேட்பது. திறக்காவிட்டால் சத்தம் காட்டாமல் மறுபடி பஸ் ஏறிவிடுவது. வழியெல்லாம் யோசித்து எடுத்த முடிவு.

சண்டை மூண்டதே இந்தப் பூட்டினால்தான். அவள் தையல்காரி. பூட்டு இறுகிக் கிடக்கிறதே என்று மிஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டாள். நல்லதை நினைத்துத்தான் செய்தாள். அவர்தான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"எண்ணெய் விட்டா மரத்தூள் ஒட்டிக்கும். பென்சில் முனையைச் சுரண்டி ஊதி விடணும். கிராஃபைட் ஏடு ஏடா இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். எத்தனை தடவை சொல்றது?"

"உங்க பென்சிலை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பூட்டைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, திரும்ப மாட்டிப் பூட்டிவிட்டு, அதே கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு வருடமாகிவிட்டது. நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது.

இத்தனை நாள் சும்மா கிடந்த பூட்டு. துருவேறி இறுகியிருக்கும். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சாவியில் தேய்க்கப் போனவர், எதற்கும் பார்ப்போம் என்று ஒருதரம் நுழைத்தார்.

சாவி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

வெளியே இழுத்தார். சாவியின் பல்லெல்லாம் பென்சில் கறுப்பு. தடவினால் எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. பென்சில் இன்னும் தேய்க்கப்படாமல் அவர் கையில் இருந்தது.

மறுபடி நுழைத்துத் திருப்பினார். கதவு திறந்துகொண்டது.

உள்பக்கம், கதவை ஒட்டிய சின்ன அலமாரியில் விரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில், ஒரு பிளேடு, முனை கறுத்துப்போன காகிதக் குழல்.

முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அந்தப் பூட்டுக்கு இருந்தது ஒரே சாவி. அதையும் அன்றைக்குக் கோபத்தில் அவரே எடுத்துக்கொண்டு போயிருந்தார்.