பத்து மணி சவாரி

"இன்னைக்கும் கிளம்பிட்டாகளா?"

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்த இவாஞ்சலின் கேட்டாள். வாசலில் எக்ஸ்.எல். வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது.

"இப்பதான்க்கா. அம்மாவையும் ஏத்திக்கிட்டு," என்றான் தம்பி அருண் ஜோசப்.

கிறிஸ்மஸ் லீவுக்கு அக்கா கோயம்புத்தூரிலிருந்தும் தம்பி பெங்களூரிலிருந்தும் குடும்பத்தோடு அனுமந்தன்பட்டிக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. நாலு நாளும் இதே கதைதான். காலைச் சாப்பாடு முடிந்து, மதியத்துக்குக் குழம்பை இறக்கி வைத்ததும் அப்பா லூர்துநாதன் வாசலில் ஹாரனை அடிப்பார். அம்மா ரோசம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடிப்போய்ப் பின்னால் உட்காருவாள். திரும்பி வர மூன்று மணியாகும்.

"எங்க வீட்டுக்காரர் ரிசார்ட்டுக்குப் போலாம்னுதான் சொன்னாரு. அம்மா வீட்ட விடவா ரிசார்ட்டுன்னு நான்தான் இங்கன கூட்டிட்டு வந்தேன். இவுக என்னடான்னா நம்மள விட்டுட்டு ஊர் சுத்துறாக," என்றாள் இவாஞ்சலின்.

"முப்பது வருஷம் மதுரைக்கு பஸ் ஓட்டினவுகக்கா. ரிட்டயர் ஆகியும் கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"ஓட்டட்டும். தனியா ஓட்டட்டும். மூட்டு வலிக்காரிய எதுக்கு இழுத்துக்கிட்டு அலையணும்?"

அருணின் மனைவி அருள்செல்வி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"வேகமாப் போனாலும் பரவால்ல அண்ணி. சைக்கிள்காரன்கூட முந்திக்கிட்டுப் போறானாம். மாமா ஒரு கையால வண்டிய ஓட்டிக்கிட்டு, இன்னொரு கையால அத்தை கையப் பிடிச்சுக்கிட்டே போறாகளாம். ஒங்க மாமாவுக்கு இப்பதான் கல்யாணம் ஆச்சோன்னு எதுத்த வீட்டு ஜெஸ்லின் அக்கா கோயில்ல வச்சுக் கேக்குறாக."

இவாஞ்சலினுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அறுபத்தி மூணு வயசுல இது தேவையா? நேத்து எங்க போனீகம்மான்னு கேட்டேன். சுருளி அருவிக்காம். தலை காஞ்சு கெடக்கு. கேட்டா, சும்மா பாத்துட்டு வந்தோம்ங்கிறாக. தம்பி, நீ பின்னாலயே போ. என்னதான் பண்றாகன்னு பாத்துட்டு வா."

பக்கத்து வீட்டு ராஜபாண்டியின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு அருண் கிளம்பினான். கம்பம் டவுனுக்கு முன்னாலேயே அவர்களைப் பிடித்துவிட்டான். பிடிப்பதில் ஒன்றும் சிரமமில்லை, பின்னால் போவதுதான் பெரும்பாடாக இருந்தது. காலைத் தரையில் ஊன்றி ஊன்றிப் போனான். நடுவில் நிறுத்தி ஒரு டீ குடித்தான். குடித்து முடித்தபோதும் அப்பா கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தார்.

ஜெஸ்லின் அக்கா சொன்னது நிஜம்தான். அம்மாவின் கை அப்பாவின் இடுப்பைச் சுற்றியிருந்தது. அப்பாவின் இடது கை அதை இறுக்கிப் பிடித்திருந்தது. அம்மாவின் தலை அப்பாவின் முதுகில் சாய்ந்திருந்தது.

அருண் கூச்சப்பட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

சுருளி ரோட்டில் போவார்கள் என்று பார்த்தால், காமயகவுண்டன்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் திரும்பியது. அப்பாவோடு கண்டக்டராக இருந்த கோட்டைச்சாமியின் தோட்டம்.

பத்து நிமிஷம் பொறுத்து அருண் உள்ளே போனான்.

பந்தல் நிழலில், மோட்டார் ரூம் ஓரமாக ஒரு கயிற்றுக் கட்டில். அதில் அம்மா வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா தலைமாட்டில் உட்கார்ந்து, மடித்த பேப்பரால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா..."

"ஏலே, மெதுவாப் பேசு."

"என்னப்பா இது? அருவிக்குப் போனோம்னு அம்மா சொன்னாக?"

"நீங்க இல்லாத நாள்ல நெசமாவே போவோம். இப்ப எங்கிட்டுப் போக? காலைல நாலு மணிக்கு எந்திரிக்கிறா. நீங்க சீட்டாடி முடிச்சு, பிள்ளைகளுக்குப் பால் ஆத்திக் குடுத்துட்டு அவ படுக்கப் பன்னெண்டு ஆகுது. வண்டியில ஏறின பத்தாவது நிமிஷம் முதுகுல சாஞ்சு தூங்கிருறா. கைய விட்டா விழுந்துருவாளேப்பா."

அருண் கட்டிலோரம் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"வீட்டுலயே படுத்திருக்கலாமே?"

"பிள்ளைக வந்திருக்கைல எப்படிப் படுக்கன்னு கேக்குறா. படுத்தாலும் ஒருத்தன் டவல் எங்கம்பான், ஒருத்தி காபி ஆச்சாம்பா. நான் அடுப்படில போய் நின்னா, நீங்க எதுக்குப்பான்னு ஒங்கக்கா என்னய வெளிய அனுப்பிட்டு ஒங்கம்மாவக் கூப்பிடுது." அப்பா குரலை இன்னும் தாழ்த்தினார். "எனக்கு வண்டி ஓட்ட ஆசையா இருக்கு, தனியாப் போகப் பிடிக்கலன்னு சொன்னேன். பாவம் மனுசன்னு எனக்காகக் கூட வாரா."

அந்த நேரம் பார்த்து அருணின் போன் அடித்தது. அப்பா பதறிக் கையை ஆட்டினார். அருண் பந்தலின் அந்தக் கோடிக்கு ஓடினான்.

இவாஞ்சலின்தான்.

"பாத்தியாடா? அம்மாகிட்ட போனைக் குடு. பிள்ளைக பணியாரம் கேக்குதுக. சீக்கிரம் வரச் சொல்லணும்."

அருண் திரும்பிப் பார்த்தான். அம்மா லேசாகப் புரண்டு, முழங்காலை மடக்கி, மறுபடி குறட்டையைத் தொடங்கினாள்.

"பணியாரத்த நான் வந்து சுடுறேன், நீ மாவக் கரைச்சு வையி. அம்மாகிட்ட இப்பக் குடுக்க முடியாதுக்கா," என்றான் ரகசியமாக. "வண்டியில போய்க்கிட்டு இருக்காக. இன்னும் ரொம்ப தூரம் போகணுமாம்."