கூவிய பெட்டை

மேபெலைக் கொல்வதற்கு முன் வெர்லீன் அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். மேபெல் வழக்கம்போல் அவள் முழங்கை இடுக்கில் தலையைப் புதைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

நரி விட்டுவைத்த கடைசிக் கோழி அது. ஈரம் காயாத குஞ்சாக இருந்தபோது அடுப்புக்குப் பக்கத்தில் செருப்புப் பெட்டியில் வைத்து வளர்த்தது.

"அதை அடிச்சு ஒரு சூப் வையேன்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் கணவன் ஹாய்ட் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"உன்னை அடிச்சு வேணா வைக்கிறேன்" என்பதுதான் அவள் பதில். கடைக்கோழியில் வைத்துக் கொடுத்தாள். பஞ்சை வேகவைத்த மாதிரி இருக்கிறது என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டான். வேறு எதுவும் அவனுக்கு இறங்கவில்லை.

மதியத்துக்குள் மேபெல் எலும்பிலிருந்து கழன்று வெந்திருந்தாள். வெர்லீன் கறியைப் பிய்த்துப் போட்டாள். வெண்ணெயில் மாவை வறுத்துக் கரைத்து, கிரீமை ஊற்றிக் கிளறினாள். சூப்பில் வேகவைக்கும் மாவுருண்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, ஓடைக்கு அந்தப் பக்கத்து ஓப்பல் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மேபெலா?" என்றாள், பானையை எட்டிப் பார்த்து.

"ம்."

"பிள்ளை மாதிரி வச்சிருந்தியேடி! என்ன ஆச்சு?"

வெர்லீன் மாவைக் கரண்டி கரண்டியாக எடுத்துக் கொதிக்கிற சூப்பில் விட்டாள். மூடியைப் போட்டுக் கையைத் துடைத்தாள்.

"கூவுச்சு, ஓப்பல்."

ஓப்பல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கென்டக்கியின் அந்த மலை இடுக்கில் இதற்கு மேல் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பெட்டைக்கோழி சேவல் மாதிரி கூவினால், அந்த வீட்டிலிருந்து ஒரு சவப்பெட்டி வெளியே போகும்.

"என் சேவலா இருக்கும்னு சொல்ல ஆசைதான். அதை நரி தூக்கி ஒரு மாசமாச்சே" என்றாள் ஓப்பல். பிறகு, "எப்போ கூவுச்சு?"

"முந்தாநாள் விடியக்காலை. நேத்து. இன்னிக்கும்."

"மூணு நாளாவா! முதல் நாளே கழுத்தைத் திருகியிருக்க வேணாமா? வெயில் ஏறுறதுக்குள்ள செஞ்சாத்தான் வினை போகும். அப்புறம் கொன்னா அது வெறும் கறிதான்டி."

வெர்லீன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் திறந்தால் ஆவி போய்விடும், உருண்டை கல்லாகிவிடும். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் காத்திருக்க வேண்டியதுதான். மூடி மட்டும் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.

"முதல் நாள் காதுல தப்பா விழுந்துச்சுன்னு நினைச்சேன்" என்றாள் வெர்லீன். "நேத்து கேட்டதும் ஓடிப்போய் அவனைத்தான் பார்த்தேன். வாயைப் பொளந்துக்கிட்டுக் குறட்டை விட்டுட்டிருந்தான். உசிரோட இருக்கானே, அது போதும்னு வந்துட்டேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு அவன் ஜன்னலுக்குக் கீழேயே நின்னு கூவுன மாதிரி சத்தம். அதுக்கு மேல என்னால தாங்க முடியல."

ஓப்பல் எழுந்தாள். போகும்போது முன்னறைக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "காட்டுல வான்கோழி மாதிரி கத்தி வான்கோழியையே ஏமாத்தினவன். இப்ப தண்ணி கேக்கக்கூட யோசிக்கிறான்."

வெர்லீன் மூடியைத் திறந்தாள். உருண்டைகள் வெள்ளையாக உப்பி மேலே மிதந்தன. இவ்வளவு நன்றாக அவளுக்கு இதுவரை வந்ததில்லை.

ஹாய்ட் ஒரு கிண்ணம் சாப்பிட்டான். இன்னொரு கிண்ணம் கேட்டான். அவள் சுவரில் சாய்ந்து நின்று, அவனுடைய கடைசிச் சாப்பாட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி அப்படிப் பார்க்கிற?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

"அழுறியா?"

அவள் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்தாள். ஹாய்ட் கொஞ்ச நேரம் கரண்டியால் கிண்ணத்தைச் சுரண்டினான். பிறகு கரண்டியைக் கீழே வைத்தான். ஜன்னல் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, கூவினான்.

சேவல் கூவல் இல்லை. சேவலாக முயன்று பாதியில் உடைந்துபோன ஒரு பெட்டையின் கூவல்.

வெர்லீன் சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"நீயா?"

"நீயா மனசு வந்து அதை அடிக்கவா போற? நேத்து தூக்கத்துல ஏதோ கோழி கூவுற மாதிரி ஒரு கனவு. முழிச்சதும் இந்த யோசனை வந்துச்சு." அவன் திருட்டுச் சிரிப்புச் சிரித்தான். "சூப் பிரமாதம்."

அவள் ஏப்ரனைக் கழற்றி அவன் முகத்தில் எறிந்தாள். அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். அப்படியென்றால் எந்தச் சவப்பெட்டியும் எங்கேயும் போகவில்லை. இந்தக் கிழவன் இருப்பான். இன்னும் பல வருஷம் இருந்து அவள் உயிரை வாங்குவான்.

"பாவி! ஒண்ணும் அறியாத ஜீவனைக் கொல்ல வச்சிட்டியே!" அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "மூணு நாளா நீ கூவக் கூவ, எனக்கு ஒரு வாய் காப்பிகூட இறங்கலடா கிழவா!"

ஹாய்டின் சிரிப்பு மெல்ல நின்றது. கிண்ணத்தில் கடைசி உருண்டை ஆறிக்கொண்டிருந்தது.

"மூணு நாளா? நான் இன்னிக்கு மட்டும்தானே கூவினேன்?"