மூன்றாம் ஓலை

“சுயம்பு இருக்கார், காஜா மொய்தீன் இருக்கான், நான் இருக்கேன், எதிரே நீ இருக்கே. வேற யாரும் இல்லை. இந்த நாலு பேர் முன்னாடி கேக்கறேன் சிலுவையம்மா. உன் பிள்ளை வால்டர் எந்த கிளப்புக்கு ஆடறான்?”

சவரிநாதன் வாசலிலேயே நின்றார். சிலுவையம்மாள் எடுத்துப் போட்ட முக்காலியை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ரயில்வேயில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றும் சட்டைக்குக் கஞ்சி போடுவதை நிறுத்தாத மனிதர்.

ராயபுரத்தில் நங்கூரம் கால்பந்து கிளப்பை ஆரம்பித்தவர் அவருடைய அப்பா. கிளப்பின் நீலச் சட்டையை அப்பா போட்டார், இவர் போட்டார். மகன் லியோனார்டுக்குக் காலில் பந்து நிற்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான், இடது ஓரத்தில் பந்தோடு ஓடினால் யாராலும் பிடிக்க முடியாத வால்டருக்குத் தன் மகள் ஹில்டாவைப் பேசி முடித்தார்.

மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. நாளை மூன்றாம் ஓலை. மணமக்கள் பெயரை வாசித்துவிட்டு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்கும் கடைசி ஞாயிறு.

இந்த நேரம் பார்த்துத்தான் செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. வால்டர் இந்த சீசனுக்குத் திருவொற்றியூர் பேக்டரி டீமுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டானாம்.

போன வருஷம் பைனலில் வால்டர் கோல் போட்ட அன்று, சுயம்பு தன் மளிகைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வெல்லம் அள்ளிக் கொடுத்தார். கிளப்புக்குச் சட்டை தைக்கும் காஜா மொய்தீன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்மண்டபம் வரை நடந்தான். இந்த வாரம் அதே சுயம்பு, அவன் அம்மாவுக்கு அரிசி இல்லை என்று சொல்லி, அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்றார். அதே காஜா அவன் பெயரைச் சொல்லிக் காறித் துப்பினான். பந்தாட்ட ரசிகனின் பாசம் அவ்வளவுதான். மைதானத்தின் கோடு வரைக்கும் வரும், அதைத் தாண்டாது.

“பேக்டரில வேலையாம், குவார்ட்டர்ஸாம், போவ வர சைக்கிளாம்,” என்றான் காஜா. “நம்மகிட்ட இன்னா கீது குடுக்க? மேட்ச் முடிஞ்சா ஒரு சோடா.”

“அந்த சோடாவும் என் கடை சோடா,” என்றார் சுயம்பு. “ஒண்ணுக்காவது காசு வாங்கியிருப்பேனா?”

சிலுவையம்மாள் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே இருந்தாள். அது காஜாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நாளைக்குப் பூசையில் சாமியார் கேட்டதும் தானே எழுந்து தடை சொல்லப் போவதாக அறிவித்தான்.

“நீ எப்போ கோயிலுக்கு வந்தே?” என்று கேட்டார் சவரிநாதன்.

“இதுக்கோசரம் வரேன் நைனா. சட்டைய மாத்தினவன் நாளைக்குப் பொண்டாட்டிய மாத்த மாட்டான்னு இன்னா நிச்சயம்னு சாமியாராண்ட கேக்கறேன்.”

“நீ வேண்டாம். நானே எழுந்து சொல்றேன்.”

பெற்ற தகப்பனே எழுந்து மகள் கல்யாணத்துக்குத் தடை சொன்னதாக அந்தக் கோயிலில் பேச்சே இல்லை. அதற்குப் பிறகு ஹில்டாவை யாரும் கேட்டு வரப்போவதில்லை. காலையிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆனால் நீலச் சட்டையை விற்றவனை மருமகன் என்று சொல்லிக்கொண்டு சவரிநாதன் தெருவில் நடக்க முடியுமா?

“என் வீட்டுல சொல் ஒண்ணுதான்,” என்றார். “மகன் சொந்தக் காலில் நிக்காம மகளுக்குக் கல்யாணம் இல்லைன்னு சொன்னேன். ரெண்டு வருஷம் அந்தப் பொண்ணு காத்திருந்தா. போன மாசம் லியோனார்டு ஃபிட்டரா சேர்ந்தான். அதுக்கப்புறம்தான் ஓலைக்கே சம்மதிச்சேன். அவனும் அதே பேக்டரிக்குத்தான் போறான். ஆனா யார்கிட்டயும் போய் நிக்கலை, எவன் சிபாரிசும் கேக்கலை. படிப்பைப் பார்த்துக் கூப்பிட்டுக் குடுத்தாங்க. உன் பிள்ளை காலை வித்து வேலை வாங்கியிருக்கான். இந்த வித்தியாசம் உனக்குப் புரியுதா?”

சிலுவையம்மாள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தில் கோபத்தைக் காணோம்.

“சம்மந்தி, அவங்க ரெண்டு பேரையும் அனுப்பிடுங்க. ஒங்களாண்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லணும்.”

“எதுவானாலும் இவங்க முன்னாடியே சொல்லு. மறைச்சுப் பேசற மாதிரி என் குடும்பத்துல ஒண்ணும் இல்லை.”

காஜா ஓர் அடி முன்னால் வந்தான். சுயம்பு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நாளைக்குள் ராயபுரம் முழுக்கப் பரப்ப அந்த இரண்டு வாய்கள் போதும் என்பது அவளுக்கும் தெரியும்.

“யாராண்டயும் சொல்லக் கூடாதுன்னு வால்டர் என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினான்,” என்றாள். “ஆனா நீங்க நாளைக்குக் கோயில்ல எழுந்து நின்னா ரெண்டு புள்ளைங்க வாழ்க்கையும் போயிடும். அதான் சொல்றேன். அவனுக்கு பேக்டரில வேலைன்னு ஊர்ல சொல்றது பொய். அவன் இன்னிக்கும் ஹார்பர்ல மூட்டைதான் தூக்கிக்கினு கீறான், வோணும்னா போய்ப் பாருங்க. டீமுக்கு வந்தா ஒரு வேலை தரோம்னாங்க. அத லியோனார்டுக்குக் குடுத்துடுங்கன்னு சொல்லிட்டான்.”